கணவர்கள் உட்காரும் நாற்காலி

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று டல்லஸ் பக்கத்து ரிச்சர்ட்சனில் ஒருவருக்கும் தெரியாது. என் கணவருக்குத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டதே அவர்தான். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு பொங்கல் விருந்தில், கையில் பேப்பர் தட்டோடு நின்றபடி, "இவ இப்போ ரீடெயில் ஆபரேஷன்ஸ்ல இருக்கா" என்று அள்ளிவிட்டார். கேட்டவர்கள் "ஓ, நைஸ்" என்று சொல்லிவிட்டு வடை இருக்கும் பக்கம் போய்விட்டார்கள். அன்றிலிருந்து நான் ரீடெயில் ஆபரேஷன்ஸ்.

உண்மையில் நான் ஒரு டிபார்ட்மென்ட் ஸ்டோரில், மூன்றாம் மாடியில், பெண்கள் உடுப்புப் பிரிவில், துணி போட்டுப் பார்க்கும் அறைகளின் வாசலில் நிற்கிறேன். உள்ளே போகிறவர் எத்தனை துணி கொண்டுபோகிறார் என்று எண்ணி, அந்த எண் போட்ட பிளாஸ்டிக் அட்டையைக் கையில் கொடுப்பேன். அவர் வேண்டாமென்று விட்டுப்போனதையெல்லாம் பொத்தான் போட்டு, சுருக்கம் நீவி, ஹேங்கரில் மாட்டி, எங்கிருந்து வந்ததோ அங்கேயே கொண்டுபோய்த் தொங்கவிடுவேன். ஒரு பெண் பதினான்கு சட்டை போட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் வாங்காமல் போவாள். அந்தப் பதினான்கையும் பழையபடி புதுசாக்குவதுதான் என் ஆபரேஷன்ஸ்.

சென்னையில் நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்தியவள். அம்பத்தூரில் என் வகுப்பென்றால் பின்வரிசைகூட வாயை மூடிக்கொள்ளும். இங்கே வந்தபோது எனக்குக் கிடைத்தது கணவரைச் சார்ந்த விசா. வேலை பார்க்கக் கூடாது. ஒன்பது வருஷம் கழித்து கிரீன் கார்டு வந்தது, ஆனால் அதற்குள் ரெஸ்யூமேயில் அந்த ஒன்பது வருஷமும் பெரிய பள்ளமாக விழுந்திருந்தது. இன்டர்வியூ பண்ணினவர்கள் எல்லாரும் அந்தப் பள்ளத்தையே எட்டிப் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார்கள். கடைசியில் பண்டிகைக் கால ஆளாக எடுத்துக்கொண்டது இந்தக் கடைதான். பண்டிகை முடிந்ததும் போகச் சொல்வார்கள் என்றிருந்தேன். யாரும் சொல்லவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை.

வீட்டுக்குப் பக்கத்திலேயே மூன்று மால்கள் இருக்கின்றன. நான் டல்லஸைத் தாண்டி, ஃப்ரீவேயில் முப்பது மைல் டிரைவ் பண்ணி இந்தக் கடைக்கு வருவதற்கு ஒரே காரணம், இந்தப் பக்கம் தமிழர் வருவதில்லை. ஒரே ஒரு ஆன்ட்டி என்னை நெம்பர் அட்டையோடு பார்த்தால் போதும், நான் வீடு போய்ச் சேர்வதற்குள் வாட்ஸ்அப்பில் ஊர் முழுக்கப் போய்ச் சேர்ந்துவிடும். அப்புறம் என் கணவர் எந்த விருந்துக்குத் தலை காட்டுவார்? கோபக்காரர் இல்லை. கூச்சக்காரர். கோபக்காரராக இருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

கடை ஐம்பதுகளில் கட்டியது. எஸ்கலேட்டர் இன்னமும் பித்தளைக் கைப்பிடியோடு முனகிக்கொண்டு ஏறுகிறது. முன்பு சீமாட்டிகள் தொப்பி போட்டுக்கொண்டு டீ குடித்த அறையில் இப்போது காலி அட்டைப்பெட்டிகள். ஊழியர்கள் சாப்பிடும் அறையில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் மாட்டியிருக்கிறது. கடை திறந்த புதிதில் வேலை பார்த்த பெண்கள், முப்பது பேர் இருக்கும், எல்லாரும் ஒரே மாதிரி கறுப்பு உடுப்பும் முத்துமாலையுமாக. ஒருத்தி மட்டும் கேமராவைப் பார்க்காமல் பக்கவாட்டில் எதையோ பார்க்கிறாள். அவளுக்கு எதிரில் உட்கார்ந்துதான் தினமும் தயிர்சாதம் சாப்பிடுகிறேன். அவளும் வீட்டில் பொய் சொல்லிவிட்டு வந்திருப்பாளோ என்று சில நாள் தோன்றும். கேட்டால் சொல்லவா போகிறாள்.

எனக்கு இந்த வேலை பிடிக்கும். இதைச் சொல்ல ஆளில்லை என்பதுதான் என் கஷ்டம். கணவருக்கு ப்ராஜெக்ட் நியூ ஜெர்சியில், திங்கள் காலை பறந்தால் வியாழன் மாலைதான் திரும்புவார். மகன் கலிபோர்னியாவில், சன்னிவேலில். ஞாயிறு தவறாமல் போன் பண்ணுவான். நான் தமிழில் கேட்பேன், அவன் இங்கிலீஷில் பதில் சொல்வான், ஆறு நிமிஷத்தில் முடிந்துவிடும். ஊர்க்காரர்கள் நடுவில் வாயைத் திறந்தால் பொய் சொல்ல வேண்டும். கடையில் வாயைத் திறந்தால் "எல்லாம் சரியான அளவில் இருந்ததா" என்று இங்கிலீஷில் விசாரிக்க வேண்டும். பேச்சென்று நான் பேசியது காரில் தனியாகத்தான். சிக்னலில் பக்கத்து வண்டிக்காரன் பார்த்தால் போனில் பேசுவதுபோல் காதில் கை வைத்துக்கொள்வேன்.

அந்த அம்மா போன வருஷம் மே மாதத்தில் வந்தார்.

அறைகளுக்கு வெளியே ஒரு நாற்காலி உண்டு. மனைவி உள்ளே துணி மாற்றும்போது கணவர்கள் உட்கார்ந்து போனைத் தேய்ப்பதற்கென்று போட்டது. கடைக்குள் அதற்குப் பெயரே கணவர் நாற்காலி. அதில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பருத்திப் புடவையும் வாக்கிங் ஷூவுமாக, அறுபத்தெட்டு எழுபது வயதில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். முப்பது மைல் வீணாகிவிட்டது என்று நினைத்தேன்.

என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்ததை இப்போதும் என்னால் மறக்க முடியவில்லை.

"நீங்க தமிழாம்மா?"

"சாரி?" என்றேன், இங்கிலீஷில், புருவத்தைத் தூக்கி.

அவ்வளவுதான். ஒரே ஒரு வார்த்தை. அவர் என் சட்டையில் குத்தியிருந்த பெயர் அட்டையைப் பார்த்தார். அதில் என் பெயர் வெள்ளைக்காரர் வாய்க்கு ஏற்றபடி மூன்றெழுத்தில் இருக்கும். என்னை எத்தியோப்பியா என்றும் கயானா என்றும் மெக்சிகோ என்றும் கேட்டவர்கள் உண்டு. "ஸ்பானிஷ்?" என்றார் பாவம். நான் சிரித்து வைத்தேன். ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. என் கோழைத்தனத்துக்கு அந்தச் சிரிப்பே போதுமானதாக இருந்தது.

மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். எங்கள் பார்க்கிங்கைத் தாண்டினால் ஒரு அபார்ட்மென்ட் உண்டு, அதில் அவர் மகள் இருந்தாள். பக்கத்து ஆஸ்பத்திரியில் டாக்டர், போனால் பதினாலு மணி நேரம். வெளியே டெக்சாஸ் வெயில் மண்டையைப் பிளந்ததால் அம்மா கடைக்குள்ளேயே மூன்று மாடியும் நடந்துவிட்டு, கடைசியில் அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிடுவார். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவரே சொன்னார். தமிழில்.

"உனக்கு ஒண்ணும் புரியாது, தெரியும்," என்று ஆரம்பித்தார். "பரவால்ல. வாய் வச்சிக்கிட்டு சும்மா இருந்தா பைத்தியம் புடிச்சிடும்போல இருக்கு. நீ பாட்டுக்கு மடி, நான் பாட்டுக்கு பேசுறேன்."

நான் மடித்தேன். அவர் பேசினார். பெரம்பூரில் இரண்டு பெட்ரூம் ஃபிளாட். கணவர் போய் நாலு வருஷம். தண்ணீர் லாரிக்காரனோடு சண்டை. கீழ் வீட்டுக்காரி இவருடைய கொடியில் துணி காயப் போடுவது. அவர் பேசப் பேச எனக்கு வயிறு நிறைந்ததுபோல் இருக்கும். ஒரு நாள் அந்தக் கீழ் வீட்டுக்காரியை அவர் திட்டிய திட்டில் எனக்குச் சிரிப்பு பீறிக்கொண்டு வந்துவிட்டது. உள்ளே ஓடி, காலி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, யாரோ கழற்றிப் போட்ட ஸ்வெட்டரில் வாயைப் புதைத்துச் சிரித்துவிட்டு வந்தேன். என்னவொரு பிழைப்பு.

"நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல முப்பத்தி ரெண்டு வருஷம்," என்றார் இன்னொரு நாள். "டிரங்க் கால் போடுற வேலை. காதுல ஹெட்போனை மாட்டினா மாட்டினதுதான். அந்தப் பக்கம் ஆள் இருக்கா, இல்ல ரிசீவரை வச்சிட்டு எழுந்து போயிட்டானான்னு எனக்கு மூச்சுலயே தெரிஞ்சிடும்." என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, "ஒருத்தனும் என்னை ஏமாத்த முடியாது" என்றார். என்னால் முடிந்திருக்கிறதே என்று நான் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூடப் பட்டுக்கொண்டேன். வெட்கமாக இருக்கிறது.

ஜூலைக்குள் நான் அவருக்காகவே வேலைக்கு வர ஆரம்பித்திருந்தேன். என் விடுமுறை நாள்களில் அவர் வந்து காலி வாசலைப் பார்த்துவிட்டுப் போவாரே என்று சனிக்கிழமை ஷிஃப்டையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். தினமும் காரில் வரும்போது சொல்லிப் பார்ப்பேன். "அம்மா, மன்னிச்சிடுங்க, நானும் தமிழ்தான்." நாலு வார்த்தை. பார்க்கிங் வரை சரளமாக வரும். எஸ்கலேட்டரில் ஏறும்போது கரைய ஆரம்பிக்கும். முதல் நாளே சொல்லியிருந்தால் ஒரு அசட்டுச் சிரிப்போடு போயிருக்கும். மூன்று மாதம் அவர் மனசைத் திறந்து கொட்டியதையெல்லாம் திருட்டுத்தனமாகக் கேட்டுவிட்டு, இப்போது எந்த முகத்தோடு சொல்வது? ஊருக்குத் தெரிந்துவிடும் என்ற பயம் எப்போதோ போய்விட்டது. இவர் வராமல் போய்விடுவாரே என்ற பயம்தான் பாக்கி.

ஆறு மாத விசா, நவம்பர் முதல் வாரத்தோடு முடிகிறது. செப்டம்பரிலிருந்து அவர் பேச்சில் கீழ் வீட்டுக்காரி காணாமல் போய், மகள் மட்டும் வர ஆரம்பித்தாள்.

"இன்னும் ஆறு மாசத்துக்கு எக்ஸ்டென்ஷன் அப்ளை பண்ணலாமாம். அவளே பேப்பரெல்லாம் எடுத்து மேஜை மேல வச்சிருக்கா. ஆனா வாயைத் தொறந்து இரும்மான்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்குறா. சொன்னா இருந்துடுவேன். அங்க எனக்கு யாரு இருக்கா? நானா போய் கேட்டா நல்லாவா இருக்கும்? ராத்திரி பகலா உழைச்சிட்டு வர்ற பொண்ணு. அவளுக்கு நான் பாரமோ என்னமோ."

அதற்கப்புறம் தினமும் இதேதான். பேப்பர் மேஜை மேலேயே இருக்கிறது, மகள் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நாள் மகள் பேப்பரை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாளாம். அதற்கு என்ன அர்த்தம் என்று என்னைக் கேட்டார். நான் ஒரு பாவாடைக்கு ஜிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் கடைசியில் ஒரு புதன்கிழமை. கடையில் கூட்டமே இல்லை. அவர் வழக்கம்போல நாற்காலியில் சாய்ந்து உட்காராமல், நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"இன்னிக்கு முடிவு பண்ணியாகணும். டிக்கெட்டை தள்ளிப் போடுறதுன்னா இன்னிக்குத்தான் போன் பண்ணணும்." என் முகத்தை நேராகப் பார்த்தார். "நீ இந்த ஊர்ல இருக்கியே. உனக்குத்தானே தெரியும். நீ சொல்லு. நான் இங்கயே இருந்துடட்டுமா?"

கையில் ஒரு பட்டுச் சட்டை இருந்தது. சின்னச் சின்னப் பொத்தான்கள், வரிசையாகப் பதினொன்று. இருங்கம்மா என்று சொல்ல வேண்டும். தொண்டை வரை வந்துவிட்டது. ஆனால் யாருக்காகச் சொல்கிறேன்? அவருக்காகவா? இந்த ஊரில் தனியாக இருப்பது என்னவென்று எனக்குத் தெரியாதா? எனக்குக் கேட்க ஒரு குரல் வேண்டும் என்பதற்காக எழுபது வயதுப் பெண்மணியை ஒரு அபார்ட்மென்டில் அடைத்துவைக்கச் சொல்வதா? போங்கம்மா என்று சொல்லவோ எனக்கு மனசே வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு பொத்தான்களையே பார்த்தேன். அவர் காத்திருந்தார். நீண்ட நேரம் காத்திருந்தார் என்று இப்போது தெரிகிறது.

பிறகு எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டார். என் தோளில் ஒரு தட்டு தட்டினார். "சரிம்மா," என்று சொல்லிவிட்டு எஸ்கலேட்டர் பக்கம் போனார்.

அதுதான் கடைசி. மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. நாற்காலியில் நிஜமான கணவர்கள் வந்து உட்கார்ந்தார்கள், அவர்கள் மீது எனக்குக் காரணமில்லாமல் எரிச்சல் வந்தது. ஒருவரை, அவர் மனைவி கீழ் மாடியில் தேடுகிறாள் என்று பொய் சொல்லிக் கிளப்பிவிட்டேன். கடையில் கிறிஸ்துமஸ் பாட்டுகளை ஆரம்பித்துவிட்டார்கள். திரும்பும் வழியில் காரில் பேசுவதுகூட நின்றுபோனது.

டிசம்பரில், கூட்டம் அலைமோதும் ஒரு சனிக்கிழமை, ஆஸ்பத்திரி நீலச்சீருடையில் ஒரு பெண் வந்து என் எதிரில் நின்றாள். துணி எதுவும் கையில் இல்லை. அந்த அம்மாவின் மகள் என்று ஜாடையே சொல்லிவிட்டது.

"ஆன்ட்டி, நீங்க எதுவும் சொல்ல வேணாம்," என்றாள் தமிழில், வேகமாக. "அம்மா உங்களைக் கேள்வி கேட்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. சங்கடப்படுவீங்களாம். ஃப்ரெண்டு ஒருத்தங்க சென்னையிலருந்து வந்தாங்க, அவங்ககிட்ட உங்களுக்குக் கொடுத்து விட்டிருக்காங்க." ஒரு பொட்டலத்தை நீட்டினாள். மோர்மிளகாய். "மத்தியானம் உங்க கிட்ட தாளிச்ச வாசனை வருமாம். தயிர்சாதமாத்தான் இருக்கும்னாங்க."

எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. "அவங்களுக்கு..." என்று இங்கிலீஷில் ஆரம்பித்து நிறுத்திவிட்டேன்.

"பேச ஆரம்பிச்ச முதல் நாளே தெரிஞ்சிடுச்சாம். நீங்க உம் கொட்டினீங்களாம் ஆன்ட்டி. இந்த ஊர்க்காரங்க யாராவது கதை கேட்டா தலையைத்தான் ஆட்டுவாங்க. நம்மாளுங்கதான் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் உம், உம்னு சொல்லுவாங்க. 'துணியை மடிச்சிக்கிட்டே அந்தப் பொண்ணு எனக்கு ஆறு மாசம் உம் கொட்டினா'ன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்காங்க."

எனக்கு அது தெரியவே தெரியாது. வாயை இறுக மூடிக்கொண்டிருந்ததாகத்தான் நான் நினைத்திருந்தேன்.

"அப்புறம், தேங்க்ஸ் சொல்லச் சொன்னாங்க," என்றாள். இப்போது குரல் கொஞ்சம் இறங்கியது. "இங்கயே இருந்துடட்டுமான்னு கேட்டாங்களாமே. அதுக்கு மட்டும் நீங்க உம் கொட்டலையாம். 'அந்தப் பொண்ணு விவரம் தெரிஞ்சவ, பொய் சொல்ல மனசில்லாம பேசாம இருந்துட்டா, அதான் அன்னிக்கே கிளம்புறதுன்னு முடிவு பண்ணிட்டேன்'னாங்க. சரி ஆன்ட்டி, நான் வர்றேன். ஷிஃப்ட் இருக்கு."

அவள் எஸ்கலேட்டர் வரை போய்விட்டாள். எனக்கு முன்னால் ஒரு பெண்மணி ஆறு கவுன்களோடு அட்டைக்காக நின்றுகொண்டிருந்தார்.

"நில்லும்மா!" என்று கத்தினேன்.

பதினோரு வருஷத்தில் அந்தக் கடைக்குள் நான் பேசிய முதல் தமிழ். மூன்றாம் மாடி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சூப்பர்வைசர் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். அந்தப் பெண் திரும்பி வந்தாள்.

"அம்மாகிட்ட சொல்லு," என்றேன். குரல் என்னுடையது மாதிரியே இல்லை. "அன்னிக்கு நான் உம் கொட்டாதது போங்கன்னு சொல்றதுக்கு இல்லை. இருங்கன்னு சொல்லத்தான் ஆசையா இருந்துச்சு. வாய் வரலை. அவ்வளவுதாம்மா. அவங்க எனக்காக இருக்கணும்னு நினைச்சேன், அது தப்புன்னு தோணுச்சு, அதனால வாய் வரலை."

அவள் கையிலிருந்த கார் சாவியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அந்த நாற்காலியில், அம்மா உட்கார்ந்ததுபோலவே நுனியில், உட்கார்ந்தாள்.

"எனக்கும் வரலை ஆன்ட்டி," என்றாள். "பேப்பரை எடுத்து மேஜை மேல வச்சேன். அதுவே சொன்ன மாதிரின்னு நினைச்சேன். இரும்மான்னு நான் கேட்டா, எனக்காக அங்க எல்லாத்தையும் விட்டுட்டு இருந்துடுவாங்களேன்னு பயம். அவங்களே இருக்கேன்னு சொல்லட்டும்னு ஏர்போர்ட் வரைக்கும் வெயிட் பண்ணேன். செக்யூரிட்டிக்குள்ள போற வரைக்கும்கூட."

ஆறு கவுன் பெண்மணிக்கு அட்டையைக் கொடுத்து உள்ளே அனுப்பினேன். அந்தப் பெண் பேசிக்கொண்டே போனாள். அம்மாவின் பாய் இன்னமும் ஹாலில் சுருட்டியபடியே இருப்பதை, சமையலறையில் அவர் எழுதி ஒட்டிவிட்டுப் போன சாம்பார் அளவுகளை, டியூட்டி முடிந்து வந்தால் வீடு எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்பதை. நான் யாரோ விட்டுப்போன சட்டை ஒன்றை எடுத்து, மேலிருந்து ஒவ்வொரு பொத்தானாகப் போட்டபடி, "உம்," என்றேன். அது என் காதிலேயே விழுந்தது அன்றைக்குத்தான்.